எக்ஸ்ரே வைத்த அட்டை ஹெல்மெட்

எனக்குத் திக்குவாய். 'க'வில் தொடங்கும் சொற்கள் சின்ன வயதிலிருந்தே தொண்டையில் மாட்டிக்கொள்ளும். திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்ததும் கிடைத்த வேலை எனக்கென்றே செய்து வைத்தது போலிருந்தது. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கக் கேட்டால் போதும், வாய் திறக்கவே வேண்டாம். இரண்டாயிரத்து மூன்று வாக்கில் ராஜாஜிநகரில் அந்த மாதிரி அலுவலகங்கள் சில இருந்தன.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு குழுவும் பத்து நிமிட நாடகம் போட வேண்டும் என்றார்கள். எங்கள் டீம் லீடர் மல்லேஸ்வரத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கன்னடத்தில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தமிழில் முடிப்பார். நாடகத்தை அவரே எழுதினார். விண்வெளியிலிருந்து வந்த ஒருவன் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடிக்கப் படாத பாடு படுகிறான், அதுதான் கதை. காக்கிச் சட்டை போட்டு ஆட்டோ டிரைவராக நடிக்கப் போவதும் அவர்தான்.

"நீதான் ஸ்பேஸ்மேன்" என்றார் என்னைப் பார்த்து.

"மேடம், எ...எனக்குப் பேச்சு..."

"ஒரே ஒரு டயலாக்தான்பா. மூஞ்சிகூடத் தெரியாது. ஹெல்மெட் இருக்கும்ல?"

மூஞ்சி தெரியாது என்றதும் ஒத்துக்கொண்டேன். ஹெல்மெட்டையும் நானே செய்கிறேன் என்று சொன்னேன். உடை வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில் ராஜா கிரீடமும் அனுமார் வாலும்தான் இருந்தன. ரெடிமேடாக வாங்கக் கையில் காசும் இல்லை.

ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் காகித ஹெல்மெட்டுக்கான வரைபடத்தை இலவசமாகப் போட்டிருந்தார். முப்பது பக்கம். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் எண்கள். நான்காம் எண் ஓரத்தை இன்னொரு நான்காம் எண் ஓரத்தோடு ஒட்ட வேண்டும். அவ்வளவுதானே என்று அச்செடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய ஃபைல் அட்டைகளைக் கேட்டு வாங்கி, கார்பன் பேப்பர் வைத்து வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று.

முடித்துத் தலையில் வைத்தால் உச்சந்தலையில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்தது. காதுவரைகூட இறங்கவில்லை. மடிப்புகள் வேறு கோணல்மாணலாக இருந்தன.

அப்போது தாசரஹள்ளியில் ஒற்றை அறையில் நானும் எங்கள் ஊர்க்காரன் ஒருவனும் சேர்ந்து தங்கியிருந்தோம். என் வயதுதான் அவனுக்கும். பீன்யாவில் ஒரு தகரப் பட்டறையில் வேலை. ஏசிக்காகத் தகட்டில் டக்ட் என்னும் காற்றுக் குழாய் செய்யும் இடம். ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான்.

"தல சுத்தளவு எடுத்தியாடா?"

"இல்ல."

"அளவெடுக்காம எவனாச்சும் சட்டை தைப்பானா?"

என் தலையைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அதைத் தன் ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தான். பிறகு நான் அச்செடுத்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தான். பக்கத்துக்குள் அடங்குவதற்காக பிரவுசிங் சென்டர் பிரிண்டர் எல்லாவற்றையும் சுருக்கி அடித்திருந்தது. அது எனக்குத் தெரியவே இல்லை.

"படம் சரியாத்தான் இருக்கு. நாங்க டக்ட் அடிக்கிறதும் இதேதான். வளைவு எல்லாத்தயும் தகட்டுமேல விரிச்சு வரைவோம், வெட்டுவோம், மடக்குவோம். உனுக்குத் தகட்டுக்குப் பதிலா அட்டை, அவ்ளோதான்" என்றான்.

எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று அவனே கணக்குப் போட்டு, ஜெராக்ஸ் கடைக்கு எழுதிக் கொடுத்தான். இரண்டாம் முறை வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் மடிப்பு கத்திபோல நேராக விழுந்தது. எதிர்ப்பக்கம் மடிய வேண்டிய கோடுகளைப் பின்பக்கமாகக் கீற வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். உச்சியிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே வரச் சொன்னான். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் முறுக்கிக்கொள்ளுமாம். என் முதல் ஹெல்மெட் ஏன் கோணலானது என்று அப்போது புரிந்தது.

உட்புறத்தில் மைதாப் பசை தடவிச் செய்தித்தாள் கீற்றுகளை ஒட்டினோம். அந்த வாரம் விடாமல் மழை. பசை காயாமல் ஒரு பக்கம் தொய்ந்து போயிற்று. அவன் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து முட்டுக் கொடுத்து, மேலே மெதுவாக இஸ்திரிப் பெட்டியை ஓட்டினான். பட்டறையில் சூப்பர்வைசரிடம் கேட்டு மிச்சமிருந்த வெள்ளிப் பெயின்ட் கொண்டுவந்தான்.

முகத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரி எதையாவது வைக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினான். அதற்கு முந்தின வருடம் மெஷினில் விரல் நசுங்கியபோது எடுத்தது.

"வேணான்டா. டாக்டர் கேட்டா?"

"விரல் வந்துடுச்சு இல்ல? இனிமே எதுக்கு இது" என்றான், விரலை மடக்கி நீட்டிக் காட்டி. அளவு பார்த்து அவனே வெட்டி, மேலும் கீழும் தூக்கிவிடும்படி இரண்டு பக்கமும் ரிவெட் வைத்துப் பொருத்திக் கொடுத்தான்.

விழா அன்று மேடையில் ஏறினேன். எதிரே விளக்கு வெளிச்சம். என் கண்ணுக்கு நேரே அவனுடைய விரல் எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. "கோரமங்கலா பர்தீரா?" என்று, அதாவது கோரமங்கலாவுக்கு வருவீர்களா என்று கன்னடத்தில் கேட்க வேண்டும், அதுதான் என் ஒரே வசனம். கேட்டேன். நம்பவே முடியவில்லை, ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. அட்டைக்குள்ளே என் குரல் கணீரென்று எனக்குக் கேட்டது.

வெளியே யாருக்கும் கேட்கவில்லை. மேடையில் செட் போட்டிருந்த ஆட்டோவில் உட்கார்ந்திருந்த டீம் லீடர் காதில் கையை வைத்துக் காட்டினார். மறுபடி சொன்னேன். கூட்டத்தில் சலசலப்பு. அவர் சட்டென்று கன்னடத்தில், "சுவாமி, பாகிலு தெகீரி! ஏனூ கேளஸ்தில்லா!" என்று கத்தினார். கதவைத் திறங்க, ஒன்றும் கேட்கவில்லை என்று. நாடகத்தில் இல்லாத வசனம். கூட்டம் அதிரச் சிரித்தது.

வேறு வழியில்லை. எக்ஸ்ரேயைத் தூக்கினேன். அத்தனை முகங்களும் ஒன்றாகத் தெரிந்தன.

"கோ... கோ... கோ..."

அவ்வளவுதான், அடைத்துக்கொண்டது. இந்த மாதிரி நேரத்தில் எதிரில் இருப்பவர்கள் பாவம் பார்த்து அந்த வார்த்தையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான். அவர் சொல்லவில்லை. மீட்டர்மேல் கையை வைத்தபடி, சவாரிக்காகக் காத்திருக்கும் டிரைவராகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரக்கமும் இல்லை, அவசரமும் இல்லை. கூட்டமும் அடங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு யுகம்.

"கோரமங்கலா பர்தீரா?"

சொல்லிவிட்டேன். கைதட்டலில் அவருடைய அடுத்த வசனம் கேட்காமல் போயிற்று. எங்கள் நாடகத்துக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அறை நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஒட்டு ஏதாச்சும் தெரியுதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றான்.

"ஒருத்தரும் சொல்லல."

"அது!" என்றான். ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றான். வேலைக்குக் கிளம்பும்வரை கழற்றவில்லை. பிறகு அவன் ஓசூருக்கு வேலை மாறிப் போனபோது அதை அவனுக்கே கொடுத்துவிட்டேன்.

டீம் லீடருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் பல மாதம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் கேன்டீனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன், அன்றைக்கு அவர் காத்திருந்ததற்காக.

"அய்யோ, அதுவா?" என்று சிரித்தார். "எனக்கே அடுத்த டயலாக் மறந்துபோச்சுப்பா. அதான் சும்மா உக்காந்திருந்தேன்."

நிஜமாகவே மறந்துவிட்டாரா, எனக்காக அப்படிச் சொன்னாரா, தெரியவில்லை. திரும்பக் கேட்டதில்லை. எதுவாக இருந்தாலும் சரி, அந்த அரை நிமிடத்தை எனக்குக் கொடுத்தவர் அவர்தான்.