ஏவத் தயாராக இருந்தவர்

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. ஓடி விளையாடும் குழந்தைகள் இடித்தால் அவரே “சாரி” என்பார். செபராங் ஜெயாவிலிருக்கும் மகளைப் பார்க்க வந்தவர். தன் நாட்டு ராணுவத்தின் அணு ஏவுகணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவராம்.

“அதெல்லாம் சும்மா பயங்காட்டத்தானே லா, அண்ணே?” என்றேன்.

“சும்மான்னு தெரிஞ்சா எவன் பயப்படுவான் தம்பி? நாங்க நிஜமாவே தயாரா இருக்கணும். ஒருநாள் எதிரி ஏவுகணை வருதுன்னு எச்சரிக்கை மணி அடிச்சது. அப்புறம் பார்த்தா கருவிக் கோளாறு. மத்தவங்க கட்டிப்பிடிச்சு அழுதாங்க. எனக்கு அழுகை வரல. உத்தரவு வந்திருந்தா ஏவியிருப்பேன்.”

கரை வந்ததும் கை நீட்டினார். ஒரு கணம் தயங்கித்தான் கொடுத்தேன். கவனித்துவிட்டார்.

“பரவாயில்ல தம்பி” என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.