ராய்ச்சூரில் இரண்டரை நிமிடம்

முழுச் சூரிய கிரகணம் பார்க்க வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கும் நண்பர் ஒருவர், ‘நீங்கள் ஏற்கெனவே பார்த்தவர்தானே, ஏதாவது குறிப்பு எழுதுங்களேன்’ என்றார். பார்த்தேனா என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

1980, பிப்ரவரி 16, சனிக்கிழமை. அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். எங்கள் ஊரில் சூரியன் முழுதாக மறையாது, கர்நாடகத்தில் ராய்ச்சூர் வழியாகத்தான் முழு நிழல் போகிறது என்று பேப்பரில் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாரமாகப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு மூன்று வகுப்புகளிலும் இதே பேச்சுதான். நிலா குறுக்கே வருகிறது, அவ்வளவுதான். பாம்பும் இல்லை, விஷமும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பது வெறும் பயம் என்று மேசையைத் தட்டி முழங்கினேன்.

வீட்டில் முழங்க முடியாது. என் மனைவி சரசு திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. கிரகணம் பார்க்க அவளைக் கூட்டிப் போகிறேன் என்றால் இரண்டு வீட்டாரும் என் தோலை உரித்திருப்பார்கள். நல்லவேளை, ராய்ச்சூருக்குப் போகிற வழியில்தான் மந்திராலயம். குழந்தை வேண்டி மந்திராலயம் போகிறோம் என்றதும் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அம்மா மஞ்சள் துணியில் காணிக்கைக் காசு முடிந்து கொடுத்தார். அதை வாங்கும்போது எனக்குக் கூசியது. சரசுவுக்கு உண்மை தெரியும். பாவத்தில் பாதியை அவள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தாள்.

வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்கு பஸ். பாளையம்பட்டி தாண்டி மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் இரண்டரை ரூபாய். ராத்திரி ரயிலில் மெட்ராஸ். வெள்ளிக்கிழமை பகலை அங்கே ஓட்டிவிட்டு, அன்றிரவு பம்பாய் போகிற வண்டியில் ஏறினோம். ரிசர்வேஷன் கிடைக்காததால் கதவோரம் பெட்டி மேல் உட்கார்ந்து வந்தோம். இப்படிப்பட்ட பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள்.

விடிந்தபோது வண்டி குண்டக்கல்லைத் தாண்டியிருந்தது. வெளியே கரிசலும் பருத்திக் காடும். இவ்வளவு செலவழித்து எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பந்தல்குடிக்கே வந்துவிட்டோமா என்று நான் கேட்டேன். சரசு சிரிக்கவில்லை.

“நாள் தள்ளிப் போயிருக்கு. இன்னையோட அம்பத்திரெண்டு,” என்றாள்.

ஊரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் வாசப்படி தாண்ட விட்டிருப்பார்களா என்று திருப்பிக் கேட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. கிரகணத்தைப் பார்த்தவளுக்கு உதடு பிளந்த பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. வகுப்பில் நான் கேலி செய்த அதே பேச்சு.

ஒன்பது மணிக்கு ராய்ச்சூர். ஸ்டேஷனுக்கு எதிரே லாட்ஜில் ரூம் வாடகை பன்னிரண்டு ரூபாய். லாட்ஜ்காரர் அரைகுறைத் தமிழில், சாப்பாடு பதினோரு மணியோடு சரி, அப்புறம் அடுப்பு எரியாது என்றார். சரசுவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, விசேஷம் ஏதும் உண்டா என்று விசாரித்தார். தலையாட்டினேன். ஒரு கட்டு பழைய பேப்பரும் ஒரு கிண்ணம் பசையும் தந்து, ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைக்கச் சொன்னார்.

ஒட்டினேன். அறிவியல் வாத்தியார், நாற்காலி மேல் ஏறி நின்று, ஒரு இடுக்கு விடாமல் ஒட்டினேன். சரசு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டரை மணிக்கு எழுந்து சேலையைச் சரிசெய்தாள். மொட்டை மாடிக்குப் போகலாம் என்றாள்.

“நீ இங்கயே இரு. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்,” என்றேன்.

“ரெண்டு தடவையும் எல்லாரும் சொன்னபடிதான இருந்தேன். இதத் தொடாத, அங்க போகாதன்னாக. போகல. கலையத்தான செஞ்சது. பள்ளிக்கூடத்துல நீங்க சொன்னது நெசமா, சும்மாவா? நெசம்னா வாங்க.”

கதவைத் திறந்தேன்.

தெருவில் ஒரு ஆள் கிடையாது. எங்கள் ஊர்த் தூத்துக்குடி ரோட்டு லேத் பட்டறையில் வாங்கி வந்த பதினாலாம் நம்பர் வெல்டிங் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. மூன்றரைக்கு மேல் வெயிலில் சூடே இல்லை. காக்கைகள் கூட்டமாக அடையப் போயின. மூன்றே முக்கால் வாக்கில், விளக்கை அணைத்தது போல, சட்டென்று இருட்டியது.

நான் சரசுவைப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றாள். வயிறு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று அவள் முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. வெள்ளி தெரியுது, சுத்தி வெள்ளையா முடி மாதிரி பறக்குது என்று மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில்தான் என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, மேல பாருங்க.”

பார்த்தேன். ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வெடித்துக் கிளம்பியது. உடனே கண்ணாடியைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு ராத்திரி ரயிலில் வந்து நான் பார்த்தது அந்தப் பொட்டு மட்டும்தான்.

மறுநாள் உண்மையாகவே மந்திராலயம் போனோம். பாசஞ்சர் வண்டியில் ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ். காணிக்கைக் காசை நான்தான் உண்டியலில் போட்டேன். பொய் சொன்னதற்கா, பயந்ததற்கா என்று தெரியாமல் நெடுநேரம் கும்பிட்டேன்.

நண்பர் கேட்ட குறிப்புகள் இவ்வளவுதான். சூரியன் துளி தெரிந்தாலும் தரமான கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள். புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம் எதுவும் ஆகாது. முழுதாக மறைந்திருக்கும் நேரத்தில் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். முந்தின நாளே இடத்துக்குப் போய்ச் சேருங்கள். தண்ணீரும் தின்பண்டமும் கையில் இருக்கட்டும். கேமராவை மறந்துவிடுங்கள், இரண்டரை நிமிடம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது.

அதன்பின் ஏழு மாதம் அவளுக்கு லேசாக முதுகு வலித்தாலே நான் தூங்கியதில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. செப்டம்பர் கடைசியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்ததும், கட்டில் பக்கத்தில் நின்றபடியே துணியை விலக்கி, விரலால் அதன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. நிமிர்ந்தால் சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உதட்டப் பாத்தாச்சுல்ல,” என்றாள். “இப்ப பிள்ளையப் பாருங்க.”