கார் ஷெட் ஷட்டரும் என் சவடாலும்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மாமியார் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார், நானும் மறுக்கவில்லை. அந்த வாய்தான் போன ஐப்பசியில் என் மகனிடம் போனில் அப்படி ஒரு சவாலை விட்டது.

நானும் என் வீட்டுக்காரரும் நீலகிரியில், கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் இருக்கிறோம். இருவருக்கும் சொந்த ஊர் கோயமுத்தூர். அவருக்கு இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை கிடைத்து வந்தோம். ரிட்டயர் ஆன பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால், நான் இறங்க விடவில்லை. கோயமுத்தூரில் இருக்கும் மகன் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் பார்த்து வைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் ஒரே பாட்டுப் பாடினான்.

“அந்த மலைல ரெண்டு பேரும் தனியா இருந்து என்னங்கம்மா பண்றீங்க? பேசாம வந்துருங்க.”

அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. “கேட்டுக்கடா. நம்ம கார் ஷெட் ஷட்டர என்னிக்கு என் கையால தூக்க முடியலையோ, அன்னிக்குப் பொட்டியக் கட்டிட்டு நானே வர்றேன். அது வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்காத” என்றேன்.

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“உங்கம்மா என்னிக்குடா பேச்சு மாறுனா?”

ஷட்டரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு மேட்டில். கார் ஷெட் கீழே ரோட்டை ஒட்டி. என் வீட்டுக்காரர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. மருந்துக்குக் கோத்தகிரி, பேங்க்குக்குக் குன்னூர் என்று எங்கே போவதானாலும் காரை எடுப்பது நான்தான். அந்த ஷட்டர் தூக்க முடிந்தால்தான் இந்த ஊரில் எங்கள் பிழைப்பு ஓடும். அது மகனுக்கும் தெரியும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சவால் விட்டதுமே ஷட்டர் கனக்க ஆரம்பித்தது.

இந்த இரும்பு ஷட்டர் மேலே ஒரு பைப்பில் சுருண்டு ஏறும். பைப்பில் மாட்டிய வட்டப் பெட்டிகளுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. கனத்தைத் தாங்குவதெல்லாம் அதுதான். தூக்குவது நாம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்பிரிங் தளர்ந்தால் மொத்த பாரமும் நம் தோளில். போதாததற்கு, பனிக்கும் மழைக்கும் துருப்பிடிக்கிறதென்று வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் அதற்குப் பெயின்ட் அடிப்போம். பழைய பெயின்ட்டைச் சுரண்ட யாருக்குப் பொறுமை? மேலே மேலே அடித்து ஷட்டர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

மார்கழி பிறந்தபோது நான் குனிந்து, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். “நான் ஒரு கை புடிக்கட்டுமா அம்மிணி?” என்று அவர் பக்கத்தில் வருவார். “நகருங்க” என்பேன். இரண்டு பேர் தூக்கினால் அது என் கையால் தூக்கியதாகுமா? மகன் போனில் கேட்டால் மட்டும் “பஞ்சு மாதிரி இருக்குதுடா” என்பேன்.

இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவர் ஒருநாள் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். பாட்டிலில் உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெயை அடுப்பில் காய்ச்சி, ஷட்டர் ஏறி இறங்கும் இரண்டு பக்கச் சட்டங்களிலும் தாராளமாக ஊற்றிவிட்டார். கோயமுத்தூரில் கேட் கத்தினாலும் தையல் மிஷின் முரண்டினாலும் அதுதான் வைத்தியம். ஆனால் அரவேணுவில் மார்கழிக் குளிருக்கு அந்த எண்ணெய் விடிவதற்குள் மெழுகாக உறைந்துபோகும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

உறைந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் எண்ணெயை வெளியே விட்டு வைப்பதில்லை. கோயிலில்கூடப் பூஜை முடிந்ததும் எண்ணெய் டின்னை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். காரணம், கரடி. எண்ணெய் வாசனை பட்டால் அது கதவையே பிய்த்துவிடும்.

காலையில் இறங்கி வந்து பார்க்கிறேன், ஷெட் வாசலெல்லாம் சேற்றில் கால் தடம். ஷட்டரில் எத்தனையோ வருஷத்துப் பெயின்ட் வரி வரியாகக் கிழிந்திருந்தது. அடிச்சட்டம் ஒரு மூலையில் வளைந்திருந்தது. எண்ணெய் ஊற்றிய இடமெல்லாம் கழுவித் துடைத்ததுபோல் சுத்தம். குனிந்து தூக்கினேன். அசையவில்லை. மேலே பெட்டிக்குள் உடைந்த இரும்பு கடகடவென்றது.

“அட கருமமே! ஏனுங்க, ஷட்டருக்கு எண்ணெய் உட்டீங்களா, கரடிக்கு விருந்து வெச்சீங்களா?” என்று கத்தினேன்.

அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு, சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் நக்கிருக்குது” என்றார்.

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலமே மகன் போன் செய்தான். “வர்ற ஞாயித்துக்கெழம வர்றேனுங்கம்மா. ஷட்டர நீங்கதான் தொறந்து காட்டோணும்.” கரடி விஷயத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. “வாடா, வா” என்றேன்.

கோத்தகிரியிலிருந்து ஷட்டர் மெக்கானிக்கை வரவழைத்தேன். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வரும், அப்படிப்பட்ட மனிதர். வந்தவுடன் எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார்.

“ஏனுங்கக்கா, இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு? மோட்டார் போட்டுருங்க. பட்டன அமுக்குனா போதும்.”

“மழைக்குக் கரண்ட்டு போனா பட்டன அமுக்கிட்டு அழுகறதுங்களா? ஸ்பிரிங்க மாத்துங்க.”

“மாத்தலாமுங்க. அதுக்கு ரெண்டு ஆளு வேணும். எங்கூட வர்றவன் படகப் பையன், அவங்க ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு லீவு போட்டுட்டான். திங்கக்கெழம வரட்டுங்களா?”

திங்கட்கிழமை வந்து யாருக்குப் புண்ணியம்? “ரெண்டாவது ஆளு நானு. ஆகற வேலையப் பாருங்க” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “அவ சொன்னா செய்வா” என்றார் இவர்.

மூன்று பேருமாகக் கடப்பாரையால் ஷட்டரை நெம்பி, முட்டுக் கொடுத்துக் காரை முதலில் வெளியே எடுத்தோம். பிறகு மெக்கானிக் ஏணியில் ஏறி ஷட்டரைப் பைப்பிலிருந்து கழற்றினார். பைப்பைக் கயிறு கட்டி இறக்கினோம். ஒரு ஸ்பிரிங் இரண்டு துண்டு; மற்றது துருவேறித் தொளதொளவென்று கிடந்தது. புதியவற்றைப் போட்டு, கிரீஸ் தடவி, பைப்பை மறுபடி மேலே ஏற்றினோம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏற்ற, பெரிய ரெஞ்ச்சால் பைப்பைச் சுற்ற வேண்டும். மெக்கானிக் ஒரு சுற்று சுற்றிவிட்டு ரெஞ்ச்சை மாற்றிப் பிடிக்கும் நேரத்தில், பைப் திரும்பி ஓடாமல் இன்னொரு ரெஞ்ச்சால் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். “உட்டீங்கன்னா கை ஒடிஞ்சுருமுங்க. நெசமாத்தான் சொல்றேன்” என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. போகப் போக, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி திமிறுவதுபோல் ரெஞ்ச் இழுத்தது. தோள் வரைக்கும் நடுங்கியது. “போதுமுங்களா?” என்றேன். “இன்னொரு சுத்து. பெயின்ட்டு கனத்துக்குங்க” என்றார். பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் விடவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்தபடி கீழே நின்றார்.

ஷட்டரைப் பைப்பில் மறுபடி மாட்டி, போல்ட்டை முறுக்கியதும் மெக்கானிக் சிரித்தார். “எங்கூடவே வேலைக்கு வந்துருங்கக்கா.”

“எனக்குச் சம்பளம் குடுத்து உங்களுக்கு மாளாது” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். ரோட்டிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்று, “ம், ஆகட்டுமுங்க” என்றான். நான் ஒரே கையை அடிச்சட்டத்தில் கொடுத்தேன். ஷட்டர் சர்ரென்று உச்சிக்கு ஏறி நின்றது. அவனுக்கு வாய் மூடவில்லை. தானும் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, “சரிங்கம்மா, நான் தோத்துட்டேன்” என்று கும்பிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வீட்டுக்குப் போனான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா?” என்று இவர் பக்கம் திரும்பினேன்.

“பாத்தேன். நல்லா இருக்குது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அப்பப் போறதில்லைன்னு ஆயிருச்சு” என்றார்.

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. “ஏனுங்க, உங்களுக்குப் போகோணும்னு இருக்குதா?”

“குளிரு தாங்கல அம்மிணி. ரெண்டு வருசமாவே கால் மரத்துப்போகுது. அங்க வெயிலாவது இருக்கும்.”

“இத்தன நாளா ஏனுங்க சொல்லல?”

“நீ அவங்கிட்டயே பேசிட்டிருந்த. எங்கிட்டக் கேக்கலியே.”

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. வழக்கம்போல் அவர்மேலேயே பட்டேன். “போகோணும்னு நெனைக்கற மனுசன், ஷட்டர் கெட்டா கெடட்டும்னு உடவேண்டியதுதானே? எதுக்கு எண்ணெயக் காச்சி ஊத்துனீங்க? எதுக்கு வந்து ஸ்டூலப் புடிச்சீங்க?”

“நீ தோத்துப்போய் எறங்கி வர்றத நான் பாக்கோணுமா?” என்றார் அவர்.

ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, விறுவிறுவென்று படியேறி வீட்டுக்குள் போனேன். மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“டேய், அந்த ஃபிளாட்டுல வெயிலு எந்தப் பக்கம் வருது?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “எதுக்குங்கம்மா? நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே.”

“ஜெயிச்சது நானு. குளுருறது உங்கப்பாவுக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லு.”