நாலு அங்குலத்தில் பாறை

புல்தரையைப் பார்த்தால் எல்லோருக்கும் கண் குளிருமாம். எனக்குக் குமட்டும். இருபத்திரண்டு வருடமாகப் பொக்லைன் ஓட்டுகிறேன். இந்த ஊரில் எந்தப் புல்லுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று கேட்டால் பாதி இடத்துக்கு நானே பதில் சொல்வேன், ஏனென்றால் புதைத்தவன் நான்தான். என் தங்கையின் கதையைத்தான் சொல்ல வந்தேன். அதில் நான் வரும் இடமெல்லாம் கொஞ்சம் நாறும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவள் எனக்குப் பதினான்கு வயது இளையவள். தவழும் வயதில் மண்ணைத் தின்றவள் என்பதால் மண்ணாங்கட்டி என்று நான் வைத்த பெயர், இன்றுவரை வீட்டில் அதுதான். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு சரிவின் அடிவாரத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். மேலே யாரோ வீடு கட்டுவதற்காகச் சரிவை வெட்டினார்கள். தண்ணீர் போக வழி வைக்கவில்லை. மழை பிடித்த மூன்றாம் நாள் சேறு எங்கள் அடுப்பங்கரைக்குள் வந்து அடுப்பு உயரத்துக்கு நின்றது. அம்மா இரண்டு நாள் முறத்தால் வாரிக் கொட்டினாள். இவள் ஒரு கை சேற்றை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"இவ்ளோ நாள் மேலயே இருந்த மண்ணு இப்ப ஏண்ணா கீழ வந்துச்சு?"

"மழைடி."

"மழை போன வருஷமும்தானே பெஞ்சுது."

நான் முறத்தை எடுத்துக்கொண்டு அம்மா பக்கம் போனேன். சரிவை வெட்டியதும் என்னைப் போல ஒருத்தன்தான் என்பது மட்டும் தெரியும்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகிறேன் என்றாள். அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, "செடி நட்டு தண்ணி ஊத்துறதுக்கு அஞ்சு வருஷப் படிப்பாடி? பூவாளி எப்படிப் பிடிக்கணும்னு பரீட்சை வைப்பாங்களா?" என்றாள்.

"செடி நடுறதெல்லாம் கடைசிலம்மா. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, மண்ணு எதைத் தாங்கும், எதைத் தொடக்கூடாதுன்னு பாக்குறதுதான் முதல் வேலை. கட்டடம் கட்டுறவங்க நிலத்து மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிடுவாங்க. அந்த வாசல்ல போய் நின்னுக்கிட்டேன்னா உள்ள போயிடலாம். அதுக்கு மேல நில மேலாண்மை படிப்பேன். அப்புறம் மலைச்சரிவு, ஏரிக்கரைன்னு பெரிய நிலம் எல்லாம் நம்ம கைக்கு வரும்."

வளங்குன்றா நில மேலாண்மை என்று முழுப் பெயரையும் ஒருமுறை சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது. ஆனாலும் பணம் கட்டினேன். அடுப்பங்கரையில் அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாதது மனதில் இருந்தது.

ஐந்து வருடமும் எங்கள் வீட்டு அலமாரியில் சேறுதான். போகிற இடத்திலிருந்தெல்லாம் மண்ணை அள்ளி வருவாள். கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பாள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் அடியில் மணல், அதற்கு மேல் வண்டல், அதற்கு மேல் களி என்று தட்டுத் தட்டாகப் படிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் இடம், தேதி எழுதி ஒட்டுவாள். "உப்பு போட்டு வைக்க ஒரு பாட்டில் இல்ல, இவ சேறு போட ஒன்பது பாட்டில்" என்று அம்மா புலம்புவாள். ஆனால் தூசி தட்டும்போது ஒரு பாட்டிலும் அசையாமல் தட்டுவாள்.

படிப்பு முடிந்தது. மேற்படிப்புக்கு இடமும் கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஏதாவது ஒரு அலுவலகத்தில் மூன்று மாதம் வேலை செய்து, ஒரு நிலத்தைப் பற்றிய அறிக்கையை அந்த அலுவலகத் தலைவரின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அப்படித்தான் லேண்ட்ஸ்கேப் அலுவலகம் வைத்திருந்த பச்சைச்சட்டையிடம் போய்ச் சேர்ந்தாள். எந்நேரமும் பச்சை நிறத்தில்தான் சட்டை போடுவார். மேசையிலும் பச்சை, பேச்சிலும் பச்சை. பூமித்தாய் என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஆளை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

அவர் எடுத்திருந்த வேலை, கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே மண் வேலைக்கு வாடகைக்கு எடுத்த வண்டி என்னுடையது. முதல் நாள் தங்கை தலையில் மஞ்சள் தொப்பியோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேல நாலு அங்குலம் மட்டும் சுரண்டுண்ணா. கீழ இருக்கிறது வெறும் மண்ணு. மேல இருக்கிறதுலதான் உயிரு. அந்த மூலையில தனியா குவி. ஆள் உயரத்துக்கு மேல போகக்கூடாது. வண்டியை அது மேல ஏத்திடாத, மூச்சு முட்டிப் போயிடும். கட்டடம் முடிஞ்சதும் அதைத் திரும்பப் பரப்பணும்."

"மண்ணுக்கு மூச்சா? சரி தாயே."

கிண்டல் செய்தாலும் தாளை உரிப்பதுபோல உரித்தேன். மூன்று நாளாயிற்று. அந்த மேல்மண் மூலையில் கரையாக நின்றது. அவள் அதன் மேல் பயறு தூவி முளைக்க வைத்தாள்.

அடுத்த இரண்டு மாதம் அவளை அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். படத்தில் மரத்துக்கு நிழல் போடுவது, பலூன் பிடித்த குழந்தையை ஒட்டுவது, இதுதான் வேலை. அந்த நேரம் பார்த்து சைட் மேனேஜர் என்னிடம் வந்தார்.

"அந்த மூலை மண்ணை லாரியில ஏத்துங்க. விலைக்கு வாங்க ஆள் வந்திருக்கு, பச்சைச் சட்டை சாருக்கும் தெரியும். கட்டட உடைசலை எல்லாம் இங்கயே பள்ளம் தோண்டித் தள்ளிடுங்க. மேல நாலு அங்குலம் செம்மண் போட்டுப் புல்லை விரிச்சா முடிஞ்சுது."

"பாப்பா பரப்பச் சொல்லியிருக்கே சார்."

"பாப்பா படம் வரையட்டும். உங்களுக்கு வாடகை குடுக்கிறது யாரு?"

ஏற்றினேன். முளைத்த பயறோடு சேர்த்து அள்ளி ஏற்றினேன். உடைந்த ஓடு, சிமென்ட் சாக்கு, பெயின்ட் டப்பா, விரிசல் விட்ட கழிப்பறைக் கோப்பை எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளி வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி மிதித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு காயலான் கடையையே புல்லில் மறைத்தேன். அன்று ராத்திரி வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் கேட்டாள்.

"மேல்மண்ணைப் பரப்பியாச்சாண்ணா?"

"ம்."

இந்த ஒற்றை எழுத்தைச் சொன்ன நாக்கை என்ன செய்தால் தகும் என்று இன்னும் தெரியவில்லை.

பதினைந்து நாளில் புல் மஞ்சளானது. ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் தேங்கி நாறியது. நட்ட கன்றுகள் நுனி கருகின. தங்கை ஓடி வந்து பார்த்தாள். குவியல் இருந்த மூலை காலியாக இருந்ததால் மண்ணைப் பரப்பியாயிற்று என்றே நம்பினாள். தப்பு தன் கணக்கில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னமோ விட்டுட்டேன்ணா, என்னன்னு தெரியல" என்று வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். கல்லுளிமங்கன் என்று யாரையோ திட்டக் கேட்டிருக்கிறேன், அது நான்தான்.

பச்சைச்சட்டை என்ன செய்தார் தெரியுமா? புல்லுக்குச் சாயம் அடிக்க ஆள் அனுப்பினார். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் புல்தரை முழுக்கப் பச்சைச் சாயம் பீய்ச்சினார்கள். பசுமைச் சான்றிதழ் கொடுக்கும் குழு மறுநாள் வருகிறதாம். சீ. ஒரு நாய் அதில் படுத்துப் புரண்டுவிட்டுப் பச்சை முதுகோடு தெருவில் போனது. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அறிக்கையில் காரணம் எழுதியாக வேண்டும். தங்கை மண்ணைத் துளைத்துப் பார்க்கும், கைப்பிடி வைத்த இரும்புத் திருகு ஒன்றை எடுத்து வந்து புல்லில் துளைத்தாள். நாலு அங்குலத்தில் டங்கென்று நின்றது. ஐந்து இடத்தில் துளைத்தாள், ஐந்திலும் அதே கதை. வியர்த்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"இங்க தோண்டினது நீதானேண்ணா. கீழ பாறை இருந்துச்சா?"

சைட் மேனேஜர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இருந்திருக்கும்" என்றேன்.

அவள் முகம் அப்படித் தெளிந்தது. தன் கணக்கு தப்பில்லை, பாறைதான் காரணம் என்று ஆறுதல். உட்கார்ந்து எழுதினாள்: நாலு அங்குலத்தில் பாறை. மேல்மண் முழுவதும் திரும்பப் பரப்பப்பட்டது. பச்சைச்சட்டை படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். குழு வந்து போனதும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

மறுநாள் காலை குழு வந்தது. மூன்று பேர். பெரிய பனைகளை இறக்கி நடுவதற்காக நான் வண்டியோடு வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். குழுவில் இருந்த ஒரு அம்மா அறிக்கையைப் புரட்டினார்.

"மண்ணு யார் பார்த்தது?"

"நான்தான் மேடம்."

"அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் பன்னிரண்டு அடி. பன்னிரண்டு அடியும் களிமண்ணுன்னு இன்ஜினியர் எழுதியிருக்காரு. முப்பது அடி தள்ளி இங்க நாலு அங்குலத்துல பாறைங்கிறீங்க. பாறை நடந்து வந்துச்சாம்மா?"

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பச்சைச்சட்டை அதைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, "சின்னப் பொண்ணு மேடம், இப்பதான் கத்துக்குது" என்றார். எல்லாம் தெரிந்த மனுஷன், கூசாமல் அவள் தலையில் தூக்கி வைத்தார். தங்கை திரும்பி வேலிக்கு இந்தப் பக்கம் என்னைத்தான் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவள் போலப் பார்த்தாள், கணக்கு முடிந்துவிட்டது.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. வண்டியை முடுக்கினேன். வேலியைத் தாண்டிச் சாயம் அடித்த புல்லின் மேலேயே ஓட்டினேன். சைட் மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார், ஓடி வந்தவர் ஓரமாக ஒதுங்கவும் செய்தார். அவள் துளைத்த இடத்தில் வண்டியின் பல்லை இறக்கித் தூக்கினேன். புல் பாய் மாதிரி சுருண்டது. சாக்கு வந்தது, ஓடு வந்தது, இரண்டாவது அள்ளலில் அந்தக் கழிப்பறைக் கோப்பை வந்தது. அழுகின தண்ணீர் அதிலிருந்து வடிந்தது. கொண்டுபோய்ப் பச்சைச்சட்டையின் காலடியில் வைத்தேன். குழுவினர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"நான்தான் பொதச்சேன் மேடம். பாறைன்னு சொன்னதும் நான்தான். அதுக்கு எதுவும் தெரியாது."

பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். தங்கை பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"நேத்து நான் கேட்டப்பவும் உனக்குத் தெரியும்தானே?"

சான்றிதழ் கிடைக்கவில்லை. பச்சைச்சட்டை கையெழுத்தும் போடவில்லை, அன்றே அவளை வெளியே அனுப்பினார். என் வண்டியை அந்தப் பக்கம் யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து அறிக்கையை முதலிலிருந்து எழுதினாள். பள்ளத்தைக் குறுக்கே வெட்டியது போல ஒரு படம்: புல், சாயம், நாலு அங்குலம் செம்மண், ஓடு, சாக்கு, டப்பா என்று ஒவ்வொரு தட்டுக்கும் அளவு. மூன்றாம் நாள் அதை என் முன்னால் வைத்தாள். தலைவரின் கையெழுத்து இல்லாததால் வேலையைச் செய்தவரின் கையெழுத்தோடு அனுப்புகிறாளாம். கடைசி வரியைப் படித்தேன். "நிரப்பியவர்: பொக்லைன் ஓட்டுநர், என் அண்ணன். பாறை என்று பொய்த் தகவல் தந்தவரும் இவரே."

"இந்த ஒரு வரியை எடுத்துடேன்டி. மானம் போகுது."

"மண்ணைப் பத்தின அறிக்கைண்ணா. உள்ள என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும்."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறிக்கைக்கே மேற்படிப்பு இடத்தை உறுதி செய்தார்கள். இப்போது அவள் ஒரு சரிவில் வேலை செய்கிறாள். ஓட்டுவதற்கு ஆள் இல்லை என்று சில நாள் என்னையே கூப்பிடுகிறாள். சாப்பாடு கொண்டு வந்து தருகிறாள், வீட்டுக் கதை பேசுகிறாள், எல்லாம் பழையபடிதான். ஆனால் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்பதில்லை. நான் தோண்டிய இடத்தில்கூடத் திருகை வைத்துத் தானே துளைத்துப் பார்க்கிறாள். நேற்றும் பக்கத்தில் போய், "இங்க நல்ல மண்ணுதான், மூணு அடிக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டுத் திருகைச் சுற்ற ஆரம்பித்தாள்.