கூழைக்கடாவுக்கும் ஒரு பங்கு

வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது: தண்ணீர் திறக்கும் துருசின் இரும்புத் திருகு அழ, மருதமரங்களில் கூழைக்கடாக் குஞ்சுகள் கூடவே அழுதன. பறவைகள் சரணாலயக் குளத்தில் நீர்மட்டம் பார்ப்பவளின் தொழில், இந்த இரண்டு அழுகைக்கும் நடுவில் நிற்பதுதான். அலுவலகத்துக்கும் ஊருக்கும் நடுவில் அகப்பட்டு விழிப்பவர்களே, உங்களுக்கு இது புரியும்.

வெள்ளையடிப்பு

அளவுப் பலகையின் உச்சியில் குந்தியிருந்த நீர்க்காகங்கள் இலக்கங்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டன. தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினேன், எச்சத்தோடு இலக்கங்களும் போயின. தோணியில் நின்று நானே புதிதாக எழுதினேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலிருந்து கீழாக.

அதன்பிறகு குளம் வற்ற வற்ற என் குறிப்பேட்டில் தண்ணீர் பெருகியது. பட்டணத்து அலுவலகம் மகிழ்ந்துபோய், முழு வயலிலும் சிறுபோகம் விதைக்கலாம் என்று அறிவித்தது. ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சிவராசா வந்து, பலகையைத் தலைசாய்த்துப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் படிச்ச கொலிஜில குளம் மேலயிருந்தோ நிரம்புறது?"

வெள்ளைச் சேட்டு

குஞ்சுகள் பறக்க இன்னும் மூன்று கிழமை வேண்டும். அதற்குள் துருசைத் திறந்து மரத்தடித் தண்ணீர் வற்றினால் நரி நடந்துவரும். தாய்ப்பறவைகள் கூட்டைக் கைவிட்டுவிடும். சிவராசாவின் வயலோ வாய்க்காலின் கடைசியில். துருசைத் திறக்காவிட்டால் முதலில் காய்வது அதுதான். இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

திருகில் கைவைத்தபடி அவர் யோசித்தார். மேலேயிருந்து ஒரு குஞ்சு, பாதி செரித்த மீனை அவர் போட்டிருந்த வெள்ளைச் சேட்டில் கக்கியது. அவர் கையை எடுத்தார்.

"பறக்கத் தெரியாட்டிலும் குறிபாக்கத் தெரியுது."

கூட்டம்

வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் எழுந்து என் பிழையைச் சொன்னேன். கூரைத்தகரம் அதிரச் சிரித்தார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் ஒரு வழக்கம் உண்டு: குளத்தடி வயலை மட்டும் எல்லாருக்கும் பங்கிட்டு விதைப்பார்கள். அப்படிச் செய்தால் மரத்தடியிலும் தண்ணீர் நிற்கும் என்றார் சிவராசா.

ஆனால் குளத்தடி வயலில் பெரும்பகுதி ரஹீம் நானாவுடையது. எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எச்சம் கலந்த தண்ணி வந்ததால போன போகம் நான் வயலுக்குப் பசளை வாங்கேல்ல. கூழைக்கடாவையும் பங்குக்காரரா எழுதுங்கோ, கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாதேங்கோ."

குஞ்சுகள் பறந்துபோயின, பங்கு வயலில் எல்லாருக்கும் சோற்றுக்கு நெல் விளைந்தது, என்னை அலுவலகம் நுழைவுச்சீட்டுக் கிழிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டது.