தண்ணீர் கேன்காரருக்குப் போன லொகேஷன்

போன வருடக் கோடையில் ஒரு நாள் நண்பகல், மரக்காணம் உப்பளத்தின் நடுவே தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கடற்கரையில் சுழல்காற்று எங்கே அடிக்கக்கூடும், அடித்தால் யாருக்கு ஆபத்து என்று கம்ப்யூட்டர் மேப்பில் குறிக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. ஆபத்தான ஊருக்குச் சிவப்பு. உப்பளத்துக்கு நானே பச்சை அடித்திருந்தேன். வீடும் இல்லை, குடியிருக்க ஆளும் இல்லை, அப்புறம் என்ன ஆபத்து? அதை நேரில் ஒருமுறை சரிபார்க்கத்தான் அன்று வந்திருந்தேன்.

ஆள் இல்லாத கதைதான் என் அறையிலும். மனைவி இறந்தபிறகு என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொள்கிறேன்.

உப்பள வேலையாட்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். திடீரென்று மேற்கே மண்ணும் உப்புமாகச் சுழன்றபடி ஒரு தூண் என்னை நோக்கி வந்தது. எத்தனையோ டொர்னாடோக்களை மவுஸால் நகர்த்திய வீரன், செருப்பை விட்டுவிட்டு ஓடி, வழுக்கி, உப்புப் பாத்திக்குள் குப்புற விழுந்தேன். இங்கே செத்தால் யாருக்குத் தெரியும்? இருக்கும் இடத்தையாவது அனுப்பலாமென்று போனை எடுத்தேன். யாருக்கு அனுப்புவது? காற்றைவிட அந்தக் கேள்விதான் பயமுறுத்தியது. வாட்ஸ்அப்பில் மேலே இருந்த பெயருக்குத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

காற்று என் தொப்பியையும், உப்புக் குவியலை மூடியிருந்த நாலு கீற்றையும் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான். அதை டொர்னாடோ என்று சொன்னால் டொர்னாடோவே கோபித்துக்கொள்ளும்.

வெட்கத்தில் எழாமல் உட்கார்ந்திருந்தபோது மண்பாதையில் ஒரு மொபெட் வந்து நின்றது. என் அறைக்குத் தண்ணீர் கேன் போடுபவர்; காலையில் கேன் கேட்டு மெசேஜ் அனுப்பியிருந்ததால் அவர் பெயர்தான் வாட்ஸ்அப்பில் மேலே இருந்திருக்கிறது.

"இன்னா சார், கேனை இங்கயா போடணும்?"

"காத்துப்பா... பெரிய காத்து..."

"லொகேஷன் வந்துச்சு, போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. அதான் வந்தேன்." மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் காஞ்சிருந்தா கருவாடுதான் சார் நீங்க!"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் மொபெட்டிலிருந்த ஒரு கேனைத் திறந்து என் தலையில் ஊற்றினார். எது கண்ணீர், எது கேன் தண்ணீர் என்று தெரியாமல் போனது நல்லதாயிற்று.

அன்று மாலை மேப்பைத் திறந்து அந்தப் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அதிகாரி கேட்டால் அது நான்தான் என்றா சொல்வது? அழித்துவிட்டேன். ஆனால் எந்த இடத்தையாவது ஆளில்லாத இடம் என்று குறிக்கப் போகும்போது, அங்கே ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றி, இன்றும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.