விழ மறுத்த வீடு

1. இரண்டும் நின்றன

கட்டிய வீடு விழுந்ததால் வேலை போன இன்ஜினீயர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீடு விழாததால் எனக்கு வேலை போகப் பார்த்தது.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் நான் ஜூனியர் இன்ஜினீயர். புயலில் சுவர் இழந்த மீனவர் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. அதே சமயம் சிலி நாட்டிலிருந்து ராமிரோ என்ற பொறியாளரும் வந்தார். அவர் நாட்டில் பூமி அடிக்கடி ஆடும். எந்தச் சுவர் நின்றது, எது விழுந்தது என்று பார்த்து, தெரிந்துகொண்டதை நாடு நாடாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை.

அவர் சொன்னது ஒரே விஷயம்தான். கதவு, ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில், வீட்டைச் சுற்றி எங்கும் விட்டுப்போகாமல் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். அப்போது நான்கு சுவரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

எங்கள் ஏ.இ., அதாவது அசிஸ்டண்ட் இன்ஜினீயர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பெருமையைப் பிரெஞ்சிலும் கோபத்தைத் தமிழிலும் பேசுவார். ராமிரோவுக்கும் பிரெஞ்சு கொஞ்சம் வந்ததால் ஏ.இ.தான் மொழிபெயர்ப்பாளர்.

"பூகம்பத்துக்கும் காரைக்காலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று என்னிடம் கேட்டார். பிறகு அதையே மரியாதையாகப் பிரெஞ்சில் ராமிரோவிடம் கேட்டார். தரை ஆட்டினாலும் காற்று தள்ளினாலும் வீடு முதலில் மூலையில்தான் பிளக்கும் என்று பதில் வந்தது.

சிக்கல் எஸ்டிமேட்டில் இருந்தது. ஒதுக்கிய பணத்தில் பெல்ட் போட்டால், வலை வைக்கிற சின்ன அறையை விட்டுவிட வேண்டும். கிராமக் கூட்டத்தில் அஞ்சலை எழுந்தார். மீன் விற்பவர். புயலன்று சுவர் விழுந்து அவர் கணவருக்குக் கால் முறிந்திருந்தது. முதல் வீடு அவருக்குத்தான்.

"வலை நனைஞ்சா சோறு இல்ல. சுவரு வுழுந்தா ஆளே இல்ல. எனக்கு ரெண்டும் வேணும். ஒண்ணுதான்னா, அந்த பெல்ட்டு நெசமாவே புடிக்குதான்னு கண்ணால காட்டுங்க சார். அப்பறம் சொல்றேன்."

காட்டுவதற்கு ராமிரோ ஒரு வழி வைத்திருந்தார். இரும்புக் குழாய்களின் மேல் உருளும் பலகை மேடை. அதன்மேல் இடுப்பளவு உயரத்தில் இரண்டு குட்டி வீடுகள். ஒன்றில் பெல்ட் உண்டு, மற்றதில் இல்லை. மேடையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி மாற்றி மாற்றி இழுத்தால் அதுதான் பூகம்பம். கரைவலை இழுக்கிற ஊரில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

கட்டியவர் கோட்டுச்சேரி மாரிமுத்துக் கொத்தனார். குட்டி வீடானாலும் பூஜை போட வேண்டும் என்றார் ஏ.இ. வெற்றிலை பாக்கும் வேட்டி துண்டும் கொத்தனார் கையில் கொடுத்துத்தான் முதல் கல் வைத்தோம்.

சோதனை நாளன்று ஊரே கூடியிருந்தது. இழுத்தார்கள், இழுத்தார்கள், அப்படி இழுத்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் நடுவில் டீ குடித்துவிட்டு வந்தார்கள். இரண்டு வீடும் அப்படியே நின்றன. இழுத்தவர்கள்தான் மணலில் விழுந்து கிடந்தார்கள்.

"ரெண்டுந்தான் நிக்கிது. அப்ப வலை ரூமையே கட்டுங்க" என்றார் அஞ்சலை.

2. வெற்றிலை பாக்கு

ஏ.இ. தமிழுக்கு மாறினார். "உன்ன சஸ்பெண்ட் பண்ணாம விடமாட்டேன்யா!"

பெல்ட் இல்லாத வீட்டைக் கடப்பாரை போட்டுப் பிரித்தோம். மண் சாந்து போடச் சொன்ன இடத்தில் சிமெண்ட் சாந்து. மூலைக்கு மூலை கம்பியை வளைத்துப் புதைத்திருந்தார் மாரிமுத்து.

"பின்ன என்ன சார்? தாம்பூலம் வாங்கிட்டு வுழுவுற வீடு கட்டுவனா? ஊரே பாக்குது. மாரிமுத்து கட்டுன சுவரு வுழுந்துச்சுன்னு பேரு வந்தா அப்பறம் எவன் என்னைய வேலைக்குக் கூப்புடுவான்?"

"அதுல யாரும் குடியிருக்கப் போறதில்லய்யா!"

"வீடு வீடுதான சார்."

ராமிரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் பெல்ட்டை நிரூபிக்காவிட்டால் அஞ்சலை வீட்டில் அது இருக்காது. அடுத்த புயல் காலோடு விட்டுவிடும் என்று என்ன நிச்சயம்? அந்தப் பயம் என்னைத் தூங்க விடவில்லை.

வேறு கொத்தனார்களைக் கேட்டோம். விழுகிற வீடு என்றதும் ஒவ்வொருவராகக் கரணையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஏ.இ. என்னைப் பார்த்தார்.

"நீயே கட்டுய்யா. ஒனக்குத் தாம்பூலம் கெடையாது."

3. என் கைவண்ணம்

படத்தில் எத்தனையோ சுவர் வரைந்திருக்கிறேன். ஒன்றைக்கூடக் கையால் கட்டியதில்லை. நான் கரணை பிடிக்கிற அழகைப் பார்த்த அஞ்சலை குறுக்கே வந்தார்.

"இவரு கட்டுனா வுழுவத்தான் வுழுவும். அதுல என்னா அதிசயம்? பெல்ட்டு போட்டும் இவரே ஒண்ணு கட்டட்டும். அது நிக்கிதான்னு பாப்போம்."

கூட்டம் சிரித்தது. ராமிரோ மட்டும் சிரிக்கவில்லை. ஏ.இ. மூலமாகச் சொன்னார்: "இந்த அம்மா கேட்பதுதான் சரியான சோதனை. எங்கள் நாட்டிலும் பாதி வீட்டைக் கட்டியது கொத்தனார் இல்லை, குடியிருப்பவர்தான்."

ஆக, மாரிமுத்துவின் பெல்ட் வீட்டையும் பிரித்துவிட்டு இரண்டையும் நானே கட்டினேன், மண் சாந்தில். தூக்குக்குண்டு ஒரு பக்கம் போனது, சுவர் ஒரு பக்கம் போனது. "என்னால பாக்க முடியல சார்" என்று மாரிமுத்து முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கம்பி கட்டுவது மட்டும் எனக்கு ஒழுங்காகத் தெரியும். பெல்ட்டில் குறை வைக்கவில்லை.

எல்லாம் காய்ந்து இறுகிய பிறகு மறுபடி கயிறு பிடித்தார்கள். பெல்ட் இல்லாத வீடு இரண்டாவது இழுப்பில் மேடையெல்லாம் சிதறியது. பெல்ட் வீட்டில் விரிசல் ஓடியது, ஜன்னலுக்குக் கீழே இரண்டு கல் உதிர்ந்தது, வீடே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆனால் மூலைகள் பிளக்கவில்லை. ஆள் மாற்றி ஆள் இழுத்தும் அது விழவில்லை. நான் அழுதுவிட்டேன்.

அஞ்சலை மேடையில் ஏறி அந்தச் சுவரைக் கையால் தள்ளிப் பார்த்தார்.

"இந்தக் கையி கட்டுன சுவரையே இது புடிச்சு நிறுத்துதுன்னா, மாரிமுத்து கட்டுனா எப்புடி நிக்கும்! பெல்ட்டையே போடுங்க சார். வலைக்கு நாங்க கீத்துக் கொட்டா போட்டுக்கறோம்."

அப்படியே கட்டினோம். மாரிமுத்துதான் கட்டினார், தாம்பூலத்தோடு.

எண்பதுகளில் ராமிரோவின் நாட்டிலிருந்து பல நாடுகளுக்கும் போன படப் புத்தகம் ஒன்று எங்கள் ஆபீசுக்கும் வந்தது. சோதனை வீடுகளை நல்ல கொத்தனாரிடம் கொடுக்காதீர்கள், பொறியாளரே கட்டட்டும் என்று அதில் போட்டிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன். நல்ல கை கட்டிய வீட்டைக் காப்பாற்றுவது பெரிதில்லை. என் கை கட்டியதையும் காப்பாற்றினால்தான் அது பாதுகாப்பு.

புத்தகத்தை அஞ்சலையிடம் எடுத்துப் போனேன். இடையில் வந்த ஒரு புயல் கீற்றுக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. வீடு நின்றது. உள்ளே அவர் கணவர் காலை நீட்டி வலை பின்னிக்கொண்டிருந்தார். படத்தில் சாய்ந்து நின்ற குட்டி வீட்டை அஞ்சலை ஒரு பார்வை பார்த்தார்.

"இது நீங்க கட்டுனதுதான சார்?"